பல்லக்கா வீட்டுப் பல்லக்கு

கண்ணை மூடிக்கொண்டுதான் தடவுகிறார். இடது உள்ளங்கை காரின் கதவில் மேலிருந்து கீழே இறங்குகிறது, பிறகு குறுக்கே போகிறது, பிறகு மூலைவாட்டில். ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. கண்ணைத் திறக்காமலே காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து அங்கே ஒரு சின்ன வட்டம் போடுகிறார். "கண்ணு ஏமாத்திடும் சார். நல்லாத்தான இருக்கு, விடுன்னு சொல்லும். கைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது." வட்டத்துக்குள், பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டி மயிரிழை மேடு தட்டியிருக்கிறதாம். நானும் கையை வைத்துப் பார்த்தேன். எனக்கு அது வெறும் கதவு. அவர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, ஒரு ரப்பர் கட்டையில் சுற்றி, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல அந்த வட்டத்தைத் தேய்க்க ஆரம்பித்தார்.

அவர் தொழில் பல் கட்டுவது. மருத்துவர் அல்ல. மருத்துவர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதை வைத்துக்கொண்டு மெழுகில் செதுக்கி, வார்த்து, அரத்தால் ராவி, மெருகேற்றிப் பொய்ப்பல் செய்து அனுப்புகிற கூடத்தில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறார். தெருவில் அவருக்குப் பல்லக்கா என்று பெயர். அவரைவிட மூத்தவர்களுக்கும் பல்லக்காதான். ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. கை மட்டும் சும்மா இருக்காது. பேசிக்கொண்டே எதிரில் நிற்பவரின் காலரைச் சரிசெய்வார்; தோளில் ஒட்டிய நூலை எடுத்துப் போடுவார்; நீங்கள் ஒரு முடிச்சை அவிழ்க்கத் திணறினால் கேட்காமல் பிடுங்கி அவிழ்த்துத் தருவார். ஒருமுறை கடை வரிசையில் முன்னால் நின்ற யாரோ ஒருவரின் மடங்கிய சட்டைக் கையை இழுத்துவிடப் போய், அந்த ஆளின் மனைவி பார்த்த பார்வையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். யாராவது வாய்விட்டுச் சிரித்துவிட்டுப் போனால், அந்த ஆள் தெருமுனை திரும்பியதும், "மேல் வரிசையில நாலாவது, சொந்தப் பல்லு இல்ல" என்பார்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே மதில். இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் அச்சுக்குப் போகும் தாள்களில் பிழை திருத்துவேன். அந்தப் பக்கம் அவர் வீட்டுக்காரரின் பேச்சு ஓயாது. அவர் லிஃப்ட் மெக்கானிக். யாருடன் இப்படிப் பேசுகிறார் என்று எட்டிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். "உனக்கு என்னடா நோவு, சொல்லித் தொலையேன்" என்று காரைக் கேட்டுக்கொண்டிருப்பார். முதுகு வளைந்து, உருண்டை விளக்கு வைத்த பழைய கார். எங்கேயோ ஒரு கொட்டகையில், பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த நிலையில் கண்டுபிடித்து இழுத்துவந்தார். நான்கு வருடம் அதனோடு மல்லுக்கட்டினார். துருவைச் சுரண்டி, ஓட்டை விழுந்த தகரத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வைத்து, எஞ்சினை உயிர்ப்பித்து, உடம்பு முழுக்கச் சாம்பல் நிற ப்ரைமர் பூசினார். பெயிண்ட் மட்டும் பாக்கி. எப்போது என்று கேட்டால், "நாளைக்கு அடிச்சிரலாம் சார்."

போன வருடம் ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த லிஃப்ட்காரரின் கையிலிருந்து பிரஷ் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம் வலது கையையும் வலது காலையும் எடுத்துக்கொண்டது. பேச்சையும் எடுத்துக்கொண்டு ஒரே ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்தது. தண்ணீர் வேண்டுமென்றால் "நாளைக்கு." வலித்தால் "நாளைக்கு." கோபம் வந்தால் அதே சொல், மதிலே அதிரும்படி. நினைப்பதெல்லாம் உள்ளே ஒழுங்காக இருக்கிறது, வாய்க்கு வரும்போது அந்த ஒன்றாகத்தான் வருகிறது என்று மருத்துவர் சொன்னாராம். "நாலு வருஷமா அதையேதான சொல்லிட்டிருந்தாரு? நாக்குக்கு மனப்பாடம் ஆயிடுச்சு" என்று பல்லக்கா என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே உள்ளே போனார். ரொம்ப நேரம் அந்த வீட்டில் குழாய் திறந்தே கிடக்கும் சத்தம் கேட்டது.

கார் செங்கல் மேல் நின்றது. தெருவில் சில வாய்கள் அதற்குப் 'பல்லக்கா வீட்டுப் பல்லக்கு' என்று பெயர் வைத்தன. தூக்க ஆள் வந்தால்தான் நகருமாம். லிஃப்ட்காரரின் தம்பி ஒருநாள் வந்து, வாசலில் நின்றபடியே, "அண்ணி, இதைப் பாத்துப் பாத்துத்தான் அண்ணன் இப்படி இடிஞ்சு உக்காந்திருக்காரு. ஆள் விட்டு எடுத்துட்டுப் போயிடறேன். கண்ணுல படாம இருந்தா மனசு தேறிடும்" என்றார். சக்கர நாற்காலியில் இருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வண்டியும் பாதியில நிக்குது, உங்க அண்ணனும் பாதியில நிக்கறாரு" என்றார் அக்கா. "ரெண்டுல ஒண்ணையாவது நான் முடிச்சுப் பாக்கறேன். நீங்க காப்பி குடிங்க."

அன்றைக்கு மாலையே உப்புத்தாளை எடுத்தார். லிஃப்ட்காரருக்கு அது பொறுக்கவில்லை. தான் தொட்டு வளர்த்த பொருளை இன்னொரு கை தொடுவதா, அல்லது இனி தன்னால் முடியாது என்று வீட்டுக்குள்ளேயே தீர்ப்பாகிவிட்டதா, எது அவரைச் சுட்டதோ தெரியாது. பக்கத்திலிருந்த போல்ட் டப்பாவை இடது கையால் எடுத்து எறிந்தார். அது அக்காவின் தோள்பட்டை எலும்பில் பட்டுச் சிதறியது. மதிலுக்கு இந்தப் பக்கம் நான் எழுந்தே நின்றுவிட்டேன். அக்கா உப்புத்தாளைக் கீழே வைத்தார். தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டாகப் பொறுக்கினார். பெரிசு, நடுத்தரம், சிறிசு என்று பிரித்து டப்பாவில் போட்டார். டப்பாவைக் கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே, நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார். "மறுபடி எறியணும்னா கைக்கு எட்டணும்ல?" என்றார்.

அதன்பிறகு லிஃப்ட்காரர் எறியவில்லை. ஆனால் இடது காலால் தரையை உந்தி நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பத்தொன்பது நாள். அக்கா வேலையிலிருந்து வந்ததும் அவரைத் தள்ளிக்கொண்டு வந்து கார் ஷெட்டின் வாசலில் நிறுத்துவார். அவர் உடனே சுவரைப் பார்ப்பார். "பாக்கலன்னா பரவால்ல. இங்கயே இருங்க. வீட்டுக்கும் ஷெட்டுக்கும் என்னால ஓட முடியாது" என்று அவர் முதுகோடு பேசிக்கொண்டே தேய்ப்பார். எந்தத் தாள், எத்தனை தடவை, எங்கே பள்ளம் என்று முதுகுக்குக் கணக்கு ஒப்பித்தார். முதுகு அசையவில்லை. அந்த நாள்களில் அவர்கள் வீட்டுப் பாத்திரச் சத்தம்கூடக் கூர்மையாகக் கேட்டது.

நிறம் என்ன என்பதில்தான் சிக்கல். லிஃப்ட்காரர் மனத்தில் வெள்ளை இருந்தது எல்லோருக்கும் தெரியும். எந்த வெள்ளை என்று யாரிடமும் சொல்லவில்லை. "வெள்ளையில பதினாறு வெள்ளை இருக்கு சார். பல்லுல நான் தெனமும் பாக்கறது" என்றார் அக்கா. பழுப்பு கலந்தது, மஞ்சள் கலந்தது, பாலாடை மாதிரி, சாம்பல் பூத்த மாதிரி என்று பதினாறு தகரத் துண்டுகளில் பதினாறு கலவை அடித்துக் காயவைத்து, நூலில் கோத்து எடுத்துக்கொண்டு, அவர் பார்த்துக்கொண்டிருந்த சுவருக்கும் அவருக்கும் நடுவில் புகுந்து நின்றார். ஒவ்வொன்றாகக் காட்டினார். "நாளைக்கு." அடுத்தது. "நாளைக்கு." ஒன்பதாவதற்கும் அதே சொல்தான். ஆனால் அது வருவதற்கு முன்னால் ஒரு மூச்சு தாமதம். அக்கா மீதி ஏழையும் காட்டவில்லை. "தெரியும் எனக்கு. அந்தக் கதவு ரப்பருக்கு அடியில இருக்கற பழைய கலர்தான இது?" என்றார். மறுநாள் நாற்காலி சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. பக்கவாட்டில் நின்றது. அவ்வளவுதான்.

ஸ்ப்ரே கன் பிடித்துப் பெயிண்ட் அடிப்பதை அக்கா எங்கள் வீட்டு ஓட்டை ஃப்ரிட்ஜின் கதவில் கற்றுக்கொண்டார். முதல் நாள் பெயிண்ட் கோடுகோடாக வழிந்தது. "சளி பிடிச்ச மாதிரி மூக்கு ஒழுகுது" என்று துடைத்துவிட்டு மறுபடி அடித்தார். ஃப்ரிட்ஜ் கதவு பதினொரு தடவை வெள்ளையானது. பன்னிரண்டாவது தடவை அவர் என்னைக் கூப்பிட்டார். கதவில் என் மூக்குக்கண்ணாடி தெரிந்தது.

அடிக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை வானம் காலையிலிருந்தே கனத்துக் கிடந்தது. காற்றில்லை, சட்டை முதுகோடு ஒட்டியது. ஷெட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் திரை தொங்கவிட்டு, தூசி எழாமலிருக்கத் தரையை நனைத்து, பின்பக்கம் புகையை வெளியே இழுக்க மின்விசிறி வைத்திருந்தார். சுவரில் ஒரு தாள். அதில் செய்ய வேண்டியவை இருபத்து மூன்று, அவர் கையெழுத்தில். வாசலில், திரைக்கு வெளியே கம்ப்ரஸர். அதற்கு இரண்டடி தள்ளி லிஃப்ட்காரரின் நாற்காலி. விசிறி இழுக்கும் காற்று அந்தப் பக்கமிருந்து உள்ளே வருவதால் அங்கே நெடி வராது. எனக்கு, கம்ப்ரஸரிலிருந்து கன்னுக்குக் காற்று கொண்டுபோகும் குழாயைத் தூக்கிப் பிடிக்கும் வேலை. அது ஈரப் பெயிண்டில் உரசக் கூடாது.

"மழை வரும்போல இருக்கே. இன்னொரு நாள் வச்சுக்கலாமா?" என்றேன்.

"இன்னொரு நாளா? நீங்களுமா சார்?" என்றார். நான் குழாயைக் கையில் எடுத்தேன்.

முதல் இரண்டு கோட் ஒழுங்காக விழுந்தன. கடைசிக் கோட்டுக்குப் பெயிண்டைக் கலக்கும்போது, "ஹார்டனர் ஊத்தியாச்சு. இனி நாப்பது நிமிஷம்தான். அதுக்கப்புறம் கன்னுக்குள்ளயே கல்லாயிடும்" என்றார். முகமூடியை இறுக்கிக்கொண்டார். கூரை முடிந்தது. பின்பக்கம், கதவுகள் முடிந்தன. மிச்சம் முன்பக்கம். பாதியில் நிறுத்தினால் நிறுத்திய இடம் தழும்பாக நின்றுவிடும். ஈரம் ஈரத்தோடு சேர வேண்டும். அவர் பானெட்டின் ஓரத்திலிருந்து தொடங்கி இரண்டு வீச்சு போயிருப்பார்.

வெளியிலிருந்து வந்தது அந்தக் குரல். "நாளைக்கு!"

கன் நிற்கவில்லை. "நாளைக்கு! நாளைக்கு!" நாற்காலிக் கையில் ஓங்கி அடிக்கும் சத்தம். ஒரு வருடமாக மதில் வழியே அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு நாளும் கேட்டதில்லை.

"சார், போய்ப் பாருங்க! வாய் ஒரு பக்கமா கோணுதா பாருங்க!" முகமூடிக்குள்ளிருந்து அக்கா கத்தினார். கை மட்டும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு தடவை தாக்கினால் தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தது எனக்கும் தெரியும்.

குழாயை அவர் தோளில் போட்டுவிட்டு ஓடினேன். வாய் எப்போதும்போலத்தான் இருந்தது. கண் நேராகத்தான் பார்த்தது. "கோணல!" என்று கத்தினேன்.

"இடது கையத் தூக்கச் சொல்லுங்க!"

சொல்லவே வேண்டியதில்லை. அந்தக் கை சுவரை நோக்கி நீண்டு துடித்துக்கொண்டிருந்தது. சுவரில் ஒரு துண்டு தொங்கியது, எடுத்துக் கொடுத்தேன்; வீசி எறிந்தார். தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினேன், தட்டிவிட்டார். கம்ப்ரஸரின் சுவிட்சில் கை வைத்தேன். "நாளைக்கு!" என்று அலறினார், தொடாதே என்பதுபோல. வாழ்நாள் முழுக்க எழுத்தைப் பார்த்தே பிழைப்பவன் நான். கண்ணெதிரே ஒரே ஒரு சொல், என்னால் படிக்க முடியவில்லை.

அவர் என்னை நம்புவதை விட்டுவிட்டார். இடது கையால் நாற்காலியின் பிடியை அழுத்தி, இடது காலை ஊன்றி, உடம்பை அப்படியே முன்னால் எறிந்தார். நான் பிடிப்பதற்குள் நாற்காலி சாய்ந்தது. சிமெண்டுத் தரையில் தோளும் தாடையும் மோதின. அந்தச் சத்தம் ஷெட்டுக்குள் கேட்டிருக்க வேண்டும். கன்னின் சீறல் சட்டென நின்றது.

அவர் படுத்தபடியே சுவரைப் பிடித்து ஊர்ந்தார். கம்ப்ரஸரிலிருந்து உள்ளே போகும் குழாயில், சுவரோரம் உள்ளங்கையளவு கண்ணாடிக் கிண்ணம் ஒன்று பொருத்தியிருந்தது. காலையிலிருந்து அது கண்ணெதிரில்தான் இருந்தது. நான் பார்க்கவே இல்லை. அதன் அடியிலிருந்த திருகை அவர் விரல்கள் எட்டித் திருப்பின. புஸ்ஸென்று தண்ணீர் அவர் முகத்திலும் கையிலும் பீய்ச்சியடித்தது. அன்றைய புழுக்கத்தில் காற்றோடு வந்த ஈரமெல்லாம் அதில் தேங்கி, விளிம்புவரை நிறைந்திருந்தது. இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் அத்தனையும் குழாய் வழியே போய்ப் பெயிண்டோடு சேர்ந்து பானெட்டில் கொப்புளமாகத் தெறித்திருக்கும். இருபத்து மூன்று வரிப் பட்டியலில் அது இல்லை.

அக்கா கன்னை மேலே தூக்கிப் பிடித்தபடி திரையை விலக்கிக்கொண்டு வந்தார். தரையில் தண்ணீர், அதில் கரையும் ரத்தம், அவருடைய கை இன்னும் அந்தத் திருகில். ஒரே பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது. மண்டியிட்டு அவர் தாடையைத் தொட்டார். லிஃப்ட்காரர் அவருடைய முழங்காலைப் பிடித்துத் தள்ளினார்.

"ரத்தம் வருதுங்க."

மறுபடி தள்ளினார். "நாளைக்கு" என்றார். கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக. காரைப் பார்த்து ஒரு தடவை, கன்னைப் பார்த்து ஒரு தடவை.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு அவர் தலை முழுவதையும் உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். பின்மண்டை, நெற்றிப்பொட்டு, காதுக்குப் பின்னால். எங்கும் வீக்கமில்லை என்று கை சொல்லியிருக்க வேண்டும். எழுந்தார். "தூக்காதீங்க சார். சாய்ஞ்ச மாதிரி உக்கார மட்டும் வைங்க, துண்டால தாடையை அழுத்திப் பிடிங்க. எனக்கு எட்டு நிமிஷம் வேணும்." திரை மூடிக்கொண்டது. திருகை நான் மூடினேன். சீறல் மறுபடி தொடங்கியது.

அந்த எட்டு நிமிடமும் எனக்கு அக்காமேல் கோபம் கோபமாக வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ரத்தம் ஒழுகத் தரையில் கிடக்கும் மனுஷனைவிட ஒரு தகரம் பெரிதா என்று மனத்துக்குள் திட்டினேன். என் மடியில் சாய்ந்திருந்தவர் முகத்தைப் பார்த்தபிறகு திட்டுவதை நிறுத்திக்கொண்டேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கன் எந்தப் பக்கம் போகிறது, எங்கே திரும்புகிறது என்று காதாலேயே பின்தொடர்ந்தார். இடது கை தரைக்கு நாலு விரற்கடை மேலே, சீறலோடு சேர்ந்து இடமும் வலமுமாக மெல்லப் போய்வந்தது. ஒருமுறை உள்ளே சத்தம் ஒரு நொடி அதிகமாக நின்றது. அவர் கையும் அந்தரத்தில் நின்றது, மூச்சும் நின்றது. சீறல் வந்ததும் கை நகர்ந்தது.

கன் ஓய்ந்து, அக்கா வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார். மூக்கைச் சுற்றி அதன் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருந்தது. கைகளைத் துடைத்துக்கொண்டு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார். பஞ்சை நனைத்து லிஃப்ட்காரரின் தாடையைத் துடைக்கத் தொடங்கினார். துடைக்கத் துடைக்கக் கோபம் வந்தது. "தண்ணி நெறைஞ்சிருக்குன்னு வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இப்படியா வந்து விழறது?"

கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கு உறைத்தது. லிஃப்ட்காரரின் தொண்டையில் ஏதோ கரகரத்தது. வலிக்கிறது என்று நினைத்து நான் குனிந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் கேட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிறது. "சிரிங்க, சிரிங்க. நல்லா சிரிங்க" என்று அக்கா முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நெடி அடங்கும்வரை காத்திருந்தோம். காயத்துக்குக் கட்டுப் போட்டு, நாற்காலியில் ஏற்றி, முகமூடியை அவருக்கு மாட்டிவிட்டு, அக்கா திரைக்குள் தள்ளிக்கொண்டு போனார். கார் நின்றது. ஒன்பதாம் நம்பர் வெள்ளை. கூரை விளிம்பிலிருந்து முன்விளக்குவரை ஒரு வழிசல் இல்லை, ஒரு கொப்புளம் இல்லை. பானெட்டில் நிறுத்தித் தொடங்கிய இடம் எங்கே என்று நான் தேடினேன், கிடைக்கவில்லை. லிஃப்ட்காரர் நாற்காலியை முன்சக்கரத்துக்கு மேலேயிருக்கும் வளைவுக்குப் பக்கத்தில் நிறுத்தும்படி கையைக் காட்டினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு விரலை நீட்டினார்.

எப்படியோ புகுந்த ஒரு பூச்சி. கொசுவைவிடச் சின்னது. வளைவின் உச்சியில், ஈரத்தில் இறக்கை ஒட்டிக்கொண்டு, கால்களை உதறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு உதறலுக்கும் பெயிண்டில் ஒரு கீறல் நீண்டது.

அக்கா பையிலிருந்து, பல் வேலைக்கு வைத்திருக்கும் மெல்லிய இடுக்கியை எடுத்துவிட்டார். குனிந்தும்விட்டார். அப்போது லிஃப்ட்காரர் இடது கையை விரித்து நீட்டினார். இடுக்கியைக் கேட்டு.

எல்லாவற்றையும் வலது கையால் செய்தே பழகியவர்; அந்த இடது கையால் அவருக்கு இன்னும் தம்ளரைச் சிந்தாமல் பிடிக்க வராது. நகநுனி பட்டாலும் போதும், மூன்று கோட்டும் போய்விடும். அக்கா அவர் கையைப் பார்த்தார், பூச்சியைப் பார்த்தார். இடுக்கியை அந்த உள்ளங்கையில் வைத்தார்.

இடுக்கியின் முனை ஆடிக்கொண்டே போனது. பெயிண்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்று நடுங்கியது. இறங்கியது, தவறியது, மேலே எழுந்தது. மறுபடி இறங்கியது. அக்காவின் வலது கை தானாகவே முன்னால் போயிற்று. பாதி வழியில் நின்றது. அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், வலது கை மணிக்கட்டை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டார்.